கணையக் கட்டி எடுத்து 6 வருடம் கழித்து மறுபடி: இரண்டாவது ஆபரேஷனுக்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

தேயிலைமேடு
கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் மருத்துவமனையிலிருந்து ஒரு கேள்வி. 29 வயதுப் பெண். 6 வருடத்துக்கு முன் கணையத்தின் வாலில் 7 செ.மீ. கட்டி. வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சாலிட் சூடோபாபில்லரி நியோபிளாசம், வெட்டு ஓரங்களில் கட்டி இல்லை’ என்று இருக்கிறது. இப்போது வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், மண்ணீரல் இருந்த இடத்தில் 2.2 செ.மீ. உருண்டை ஒன்று, கல்லீரலின் 6-ஆம் பிரிவில் 1.8 செ.மீ. ஒன்று. மஞ்சள் காமாலை இல்லை, எடை குறையவில்லை, சர்க்கரையும் சரியாக இருக்கிறது.

வீட்டார் ‘கணையப் புற்று திரும்பிடுச்சு, இனி கீழே கூட்டிப் போய் என்ன ஆகப்போகுது’ என்று நிற்கிறார்கள். மறு ஆபரேஷனுக்கு இடம் உண்டா? அனுப்பும் முன் மேலேயே என்னென்ன முடித்து வைக்கலாம்?

கத்திமுனை
இடம் நிறையவே உண்டு. ‘கணையப் புற்று’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் குழாய்ச் சுவரில் கிளம்பும் அடினோகார்சினோமாவை. அது திரும்பினால் மறுபடி கத்தி வைப்பது அபூர்வம். இது வேறு ஜாதி. 1959-இல் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் விவரித்த கட்டி. பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் இளம் வயது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்த வீரியமுள்ள புற்று என்றே இதை வைத்திருக்கிறார்கள். முழுதாக எடுத்தால் பெரும்பாலானோருக்குத் திரும்புவதில்லை. திரும்பினாலும் மெதுவாக வளரும், 10 வருடம் தாண்டியும் தலைகாட்டும். கல்லீரலுக்குப் போனதையும் வெட்டி எடுத்தால் பல வருடம் நன்றாக இருப்பார்கள். இதற்கென்று நிலைநாட்டப்பட்ட கீமோ கிடையாது, அதனால் கத்திதான் முதல் மருந்து. வீட்டாரிடம் இதை முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் ‘திரும்பிவிட்டது’ என்ற வார்த்தையை இன்னும் ஏற்காதீர்கள். கணையத்தில் அந்த வார்த்தைக்குள் மூன்று சமாசாரம் ஒளிந்திருக்கும். முதல் தடவை விட்டுப்போனது, உண்மையிலேயே திரும்பியது, பழையதோடு சம்பந்தமே இல்லாமல் புதிதாக முளைத்தது. மூன்றுக்கும் வெட்டும் விதம் வேறு. பழைய ஆபரேஷன் நோட், பழைய ஸ்லைடும் பிளாக்கும், பழைய சி.டி. ஸ்கேன் படங்கள் உள்ள கணினித் தட்டு, இந்த மூன்றும் கையில் வராமல் எந்த சர்ஜனும் தேதி கொடுக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி ஆபரேஷன் நோட் ஆகாது. நோட்டின் நகலை மருத்துவப் பதிவுப் பிரிவில் எழுதிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நிழற்படம்
கத்திமுனை சாரின் மூன்றோடு நாலாவதையும் சேர்க்கணும்: கட்டியே இல்லாதது.

மண்ணீரல் எடுத்தவருக்கு மண்ணீரல் குழியில் உருண்டை என்றதும் எனக்கு முதலில் வரும் சந்தேகம் துணை மண்ணீரல். பத்துப் பேரில் ஒருவருக்காவது பிறவியிலேயே சுண்டைக்காய் அளவில் ஒன்று தனியாக இருக்கும், கணைய வாலின் பக்கத்திலேயே. பெரிய மண்ணீரலை எடுத்ததும் அந்தக் குட்டி ‘வேலை நமக்குத்தான்’ என்று வளர ஆரம்பிக்கும். 8 மி.மீ. இருந்தது 6 வருடத்தில் 2 செ.மீ. ஆவது சாதாரணம். சி.டி.யில் பளிச்சென்று ஒளிரும், பார்த்தால் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது) மாதிரியே இருக்கும். அந்தக் கட்டியைத் தேடும் காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுத்தாலும் இந்த உருண்டையும் மருந்தை உறிஞ்சி ஏமாற்றும், அந்த மருந்து ஒட்டும் ஏற்பிகள் மண்ணீரல் திசுவிலும் உண்டு. இதை நம்பி வயிற்றைத் திறந்து, பேத்தாலஜியில் ‘சாதாரண மண்ணீரல் திசு’ என்று ரிப்போர்ட் வந்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் ஏராளம்.

பார்க்க வேண்டியது: 6 வருடத்துக்கு முந்தைய சி.டி.யில் அதே இடத்தில் ஒரு சின்னப் பொட்டு இருக்கிறதா. இருந்தால் பாதிப் பதில் வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, சூடாக்கிய சிவப்பணு ஸ்கேன். அவருடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, டெக்னீஷியம் ஏற்றி, 49.5 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் போல வைத்து அணுக்களை லேசாகப் பழுதாக்கி, திரும்ப ஊசியில் ஏற்றுவார்கள். பழுதான அணுக்களைப் பிடித்து வைப்பது மண்ணீரல் திசுவின் வேலை. உருண்டை ஒளிர்ந்தால் அது மண்ணீரல், கத்தி வேண்டாம். கோவையில் நியூக்ளியர் மெடிசின் இருக்கும் இடத்தில் ‘டீநேச்சர்டு ஆர்பிசி ஸ்கேன்’ என்று எழுதி அனுப்புங்கள். ‘ஸ்ப்ளீன் ஸ்கேன்’ என்று மட்டும் எழுதினால் வேறு எதையாவது எடுத்துத் தருவார்கள்.

மேலே உங்கள் லேபிலேயே ஒன்று செய்யலாம். ரத்தப் பூச்சில் ஹவல்-ஜாலி துகள்கள் இருக்கிறதா பாருங்கள். மண்ணீரல் இல்லாதவர் ரத்தத்தில் இருக்க வேண்டியது அது. தேடியும் கிடைக்கவில்லை என்றால், எங்கோ மண்ணீரல் திசு வேலை செய்கிறது என்று சந்தேகப்படலாம். முடிவான சோதனை அல்ல, ஆனால் செலவு ஒரு கண்ணாடித் துண்டு.

சி.டி. புதிதாக எடுப்பதென்றால் ‘வயிறு கான்ட்ராஸ்ட்’ என்று எழுதாதீர்கள். கணைய புரோட்டோகால் என்று எழுதுங்கள். ஊசி போட்டு 40-45 விநாடியில் ஒரு சுற்று, 70 விநாடி வாக்கில் இன்னொன்று, சீவல் 1 முதல் 1.5 மி.மீ. குடிக்க வெள்ளைக் கான்ட்ராஸ்ட் வேண்டாம், அரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர். வெள்ளை மருந்து குடலில் நின்றால் பக்கத்திலுள்ள சின்னக் கட்டி அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும். பிலிம் மட்டும் கொடுத்தனுப்பினால் எங்களுக்கு உபயோகமில்லை, டைகாம் தட்டு (ஸ்கேனின் மூலப் படங்கள் உள்ள கணினித் தட்டு) வேண்டும்.

கண்ணாடிவில்லை
ஸ்லைடு பற்றி. கணையத்தில் சாலிட் சூடோபாபில்லரி, நியூரோஎண்டோகிரைன், அசினார் செல் கார்சினோமா (செரிமான என்சைம் சுரக்கும் செல்களின் புற்று) மூன்றும் சாதா சாயத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சூடோபாபில்லரியிலும் சினாப்டோபைசின் என்ற சிறப்புச் சாயம் லேசாகப் பிடிக்கும், அதை வைத்து நியூரோஎண்டோகிரைன் என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் உண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும். அதனால் மறு ஆபரேஷனுக்கு முன் பழைய பிளாக்கை மறுபடி சாயம் போட்டுப் பார்ப்பது சடங்கு அல்ல, தேவை.

பார்க்க வேண்டியது பீட்டா கேட்டெனின். சாதாரணமாகச் செல்லின் ஓரத்தில் இருக்கும் புரதம் இது. சூடோபாபில்லரியில் உட்கருவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், உட்கரு பழுப்பாகத் தெரியும். கூடவே சிடி99 உட்கருவை ஒட்டி ஒரு புள்ளியாக விழும், குரோமோகிரானின் பிடிக்காது. டிரிப்சின், பிசிஎல்10 பிடித்தால் அசினார், அது முரட்டு ஜாதி, அப்புறம் பேச்சே வேறு. நியூரோஎண்டோகிரைன் என்று வந்தால் கேஐ-67 எண் (எத்தனை சதவீதச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்பது) முக்கியம்: 3 சதவீதத்துக்குக் கீழே முதல் தரம், 3 முதல் 20 இரண்டாம் தரம், 20-க்கு மேல் மூன்றாம் தரம். ‘குறைவு’, ‘அதிகம்’ என்று எழுதிய ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பி எண்ணைக் கேளுங்கள்.

வாங்கி வரச் சொல்ல வேண்டியது: கட்டி நன்றாக உள்ள ஒரு பாரஃபின் பிளாக், அல்லது சாயம் போடாத 10 ஸ்லைடு, பழைய ரிப்போர்ட்டின் நகல். பிளாக்கை வெயில்படும் டாஷ்போர்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் மெழுகு இளகும். கேட்டால் சிரிப்பு வரும், நடப்பதுதான்.

தேயிலைமேடு
மூவருக்கும் நன்றி. ஆபரேஷன் நோட் கிடைத்தது. அதில் ஒரு வரி: ‘பிரிக்கும்போது கட்டியின் உறை ஓரிடத்தில் திறந்து சுமார் 20 மி.லி. ரத்தம் கலந்த திரவம் கசிந்தது, கழுவப்பட்டது.’ டிஸ்சார்ஜ் சம்மரியில் இது இல்லை. பழைய சி.டி. தட்டுக்குச் சொல்லியிருக்கிறது.

கத்திமுனை
இதற்காகத்தான் நோட்டைக் கேட்டது. உறை கிழிந்து உள்ளே இருப்பது வயிற்றில் சிந்தினால், திரும்புவது வெட்டிய ஓரத்தில் மட்டும் இருக்காது. வயிற்றுறையில், குடல் மடிப்புகளில், இடுப்புக் குழியில் விதை தூவிய மாதிரி வரலாம். ஸ்கேன் பார்ப்பவரிடம் இடுப்பு வரை பார்க்கச் சொல்லுங்கள், சினைப்பை மேலும் ஒரு கண் வேண்டும். திறந்ததும் சர்ஜனின் முதல் வேலையும் இதுதான்: உதரவிதானத்தின் அடி, கல்லீரலின் பின்புறம், ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரை, பெருங்குடலின் இரு பக்கப் பள்ளங்கள், இடுப்பு எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் கணையம்.

மறு ஆபரேஷனின் நடைமுறையைச் சொல்கிறேன். வால் ஏற்கெனவே போன வயிறு என்று வைத்துக்கொண்டு.

வயிற்றின் பின்சுவர் பழைய கணையப் படுக்கையில் ஒட்டிக் கிடக்கும். பெருங்குடலின் இடது வளைவு மண்ணீரல் குழிக்குள் ஏறியிருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் கிழிவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. ஆகையால் குடலைச் சுத்தப்படுத்தி வைப்பது, பெருங்குடலைத் தைக்க நேரலாம் என்று கையெழுத்து வாங்குவது, இரண்டும் முன்பே. பழைய இடத்தில் நேராக நுழையாமல், தொடாத பக்கத்திலிருந்து போவது நல்லது. கணையத்தின் கழுத்துக்கு அடியில் மேல் குடல் சிரை ஓடுகிறதே, முதலில் அதைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் சுரங்கம் போட்டு, அங்கிருந்து இடப்பக்கம் நகர வேண்டும். மண்ணீரல் தமனியின் பழைய முடிச்சு எங்கே என்று சி.டி.யிலேயே குறித்து வையுங்கள். மகாதமனியிலிருந்து கிளம்பும் சீலியாக் தண்டுக்கு நெருக்கமாகக் கட்டியிருந்தால் அங்கே இழுத்துப் பிரிப்பது ஆபத்து.

மிச்சக் கணையத்தில் கட்டி என்றால் எவ்வளவு வெட்டுவது? சூடோபாபில்லரியைத் தோண்டி மட்டும் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, உறையை மறுபடி கிழிக்கும் வாய்ப்பு அதிகம். கொஞ்சம் நல்ல திசுவோடு வெட்டி எடுப்பதே முறை. நிணநீர்க் கணுக்களுக்கு இது போவது குறைவு, அதனால் கணுக்களைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. எதை மிச்சம் வைக்கலாம் என்பதுதான் உண்மையான கேள்வி. முதல் ஆபரேஷனில் பாதி போயிருந்தால் கையிருப்பு மீதிப் பாதிதான்.

கல்லீரல் கட்டி 6-ஆம் பிரிவில், ஓரத்தில், 1.8 செ.மீ. என்றால் ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கலாம். 15 நிமிடம் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தி, 5 நிமிடம் விட்டு, மறுபடி. மயக்க மருந்து கொடுப்பவர் மைய சிரை அழுத்தத்தை 5-க்குக் கீழே வைத்தால் வெட்டுமுகத்தில் ரத்தம் குறையும். வெட்டும் முன் கல்லீரல் முழுவதையும் ஆபரேஷன் மேஜையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துத் தடவ வேண்டும், சி.டி.க்குத் தெரியாத 4-5 மி.மீ. புள்ளிகள் அங்கேதான் அகப்படும். ஆழத்தில் இருந்து 3 செ.மீ.க்குக் குறைவானால் மைக்ரோவேவ் வைத்துச் சுடுவதும் சரிதான். கூட்டிக் கழித்து நல்ல கல்லீரல் கால்வாசிக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும், கீமோ வாங்கிய கல்லீரல் என்றால் 30 சதவீதம்.

பழையகை
இவ்வளவு கணக்கு எதற்கு? ஒருமுறை திரும்பிய கணையம் இன்னொரு முறையும் திரும்பும். மிச்சத்தையும் மொத்தமாக எடுத்துவிட்டால் கணையத்தில் திரும்ப இடமே இல்லை. இன்சுலினும் என்சைமும் இப்போது எங்கும் கிடைக்கின்றன.

சர்க்கரைக்கணக்கு
பழையகை சார், மரியாதையோடு மறுக்கிறேன். கணையம் மொத்தமாகப் போனால் இன்சுலினோடு குளுக்ககானும் போகிறது. சாதாரண சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் ஓடிவந்து கல்லீரலைத் தட்டி எழுப்பும். இவருக்குத் தட்டி எழுப்ப ஆள் இல்லை. இரண்டு யூனிட் கூடினால் 50-க்குப் போவார், ஒரு வேளைச் சோறு கூடினால் 350. தேயிலைச் சரிவில் காலை 8 மணி முதல் கூடையோடு ஏறி இறங்குகிறவருக்கு இது என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். 29 வயதில் செய்தால் அவர் 40 வருடம் அதோடு வாழ வேண்டும். திரும்பும் இடம் கல்லீரலும் வயிற்றுறையும் என்னும்போது கணையத்தை மொத்தமாக எடுப்பது பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு.

மொத்தமாக எடுப்பதற்கும் இடம் உண்டு. கணையம் முழுக்கப் பரவியிருந்தால், அல்லது மிச்சத் துண்டு 2-3 செ.மீ.தான், அதைத் தைத்தாலும் பிடிக்காது என்றால். அப்போதும் இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது ஆபரேஷனுக்கு முன், பின்பு அல்ல.

பழையகை
குளுக்ககான் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சம் வைக்கிறோம் என்று பாதித் துண்டை மெல்லிய குழாயோடு தைத்து, அது கசிந்து, நோயாளி மூன்று மாதம் டிரெயினோடு (கசிவை வெளியே வடிக்கும் குழாயோடு) கிடப்பதும் சாதாரணமாக நடப்பதுதான். அதையும் தராசில் வையுங்கள்.

கேத்தி_உருளை
இதே இழையில் கேட்கலாமா தெரியவில்லை. இன்சுலினோமா (இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி) என்று எடுத்த பிறகு 3 வருடம் நன்றாக இருந்து, மறுபடி விடியற்காலையில் வியர்வை, உளறல் வந்தால் அதுவும் திரும்பியதுதானா? உடனே ஆபரேஷனா?

சர்க்கரைக்கணக்கு
தாராளமாகக் கேளுங்க, இதுவும் அதே சங்கதிதான்.

இன்சுலினோமா பத்தில் ஒன்பது பேருக்கு ஒற்றைக் கட்டி, சாது, 2 செ.மீ.க்குள். முழுதாக எடுத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. மேயோ கிளினிக் 1991-இல் வெளியிட்ட நீண்ட காலக் கணக்கில், 10 வருடத்தில் திரும்பியது 6 சதவீதம், 20 வருடத்தில் 8. ஆனால் எம்இஎன்-1 என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களில் அதே 10 வருடத்தில் 21 சதவீதம். காரணம், அவர்கள் கணையத்தில் ஒரே நேரத்தில் பல கட்டிகள் முளைக்கும். ஒன்றை எடுத்தால் அடுத்தது வளரும். ஆகவே திரும்பினால் முதல் கேள்வி கட்டி எங்கே என்பதல்ல, எம்இஎன்-1 உண்டா என்பது. ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், புரோலாக்டின் மூன்றையும் பாருங்கள். சிறுநீரகக் கல் அடிக்கடி வந்த வரலாறு, குடும்பத்தில் அல்சர், பிட்யூட்டரிக் கட்டி இருந்தால் மரபணுச் சோதனை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அதற்கும் முன்னால் ஒன்று. வீட்டில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருக்கிறார்களா? கிளிபென்கிளாமைடும் கிளிமெபிரைடும் வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு என்று எல்லா நிறத்திலும் வருகின்றன. பிரஷர் மாத்திரை டப்பாவில் கலந்தால் இன்சுலினோமா மாதிரியே சோதனை முழுக்க அச்சாக வரும், இன்சுலினும் அதோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைடும் உயர்ந்தே இருக்கும். ரத்தத்தில் இந்த வகை மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் சல்ஃபோனைல்யூரியா சோதனை செய்யாமல் வயிற்றைத் திறக்கக் கூடாது.

அப்புறம் 72 மணி நேர உண்ணா சோதனை, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து. தண்ணீரும் சர்க்கரை இல்லாத வரக்காப்பியும் மட்டும். பிளாஸ்மா சர்க்கரை 55-க்குக் கீழே போய் அறிகுறி வரும்போது எடுத்த ரத்தத்தில் இன்சுலின் 3 மைக்ரோயூனிட்டுக்குக் குறையாமல், சி-பெப்டைடு 0.6 நானோகிராமுக்குக் குறையாமல் இருந்தால் நிரூபணம். கடைசியில் 1 மி.கி. குளுக்ககான் போட்டு சர்க்கரை 25-க்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்து முடிப்பார்கள். பலருக்கு 48 மணிக்குள் முடிந்துவிடும்.

கட்டியைத் தேடுவதில் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் நல்ல கருவி, ஆனால் வாலின் நுனியைத் தவறவிடும். டோட்டாடேட் பெட் இன்சுலினோமாவில் அவ்வளவு உதவாது. எக்ஸெண்டின் பெட் நல்லது. எதிலும் தெரியாமல் போனால் தமனி வழியே கால்சியம்: கணையத்துக்கு ரத்தம் தரும் ஒவ்வொரு தமனியிலும் கால்சியம் செலுத்தி, கல்லீரல் சிரையிலிருந்து 20, 40, 60 விநாடியில் ரத்தம் எடுத்து, எந்தத் தமனிக்கு இன்சுலின் இரட்டிப்பாகிறது என்று பார்ப்பது. கட்டி தலையிலா வாலிலா என்று சொல்லும். ‘தெரியவில்லை, வாலை வெட்டிப் பார்ப்போம்’ என்பது பழைய காலத்து முறை, இப்போது யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இடம் தெரிந்தால் இன்சுலினோமாவைத் தோண்டி எடுக்கலாம். கணையக் குழாயிலிருந்து 3 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் என்றால் வெட்டுவதே பாதுகாப்பு. அதுவரை இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயாசாக்சைடு மருந்து, ராத்திரி படுக்கும் முன் வேகவைக்காத சோளமாவு. ஆக்ட்ரியோடைடு ஊசியை மட்டும் யோசிக்காமல் போட வேண்டாம். சிலருக்குக் குளுக்ககானையும் அடக்கிச் சர்க்கரையை இன்னும் கீழே தள்ளும்.

தேயிலைமேடு
உண்ணா சோதனை கீழேதான். ஆனால் விடியற்காலை அறிகுறி வரும்போது மேலேயே ஒரு மாதிரி எடுத்து வைத்தால் பயன்படுமா? எங்கள் லேபில் இன்சுலின், சி-பெப்டைடு கிடையாது.

வார்டு7
பயன்படும் சார், ஆனா எடுக்கிற விதத்துலதான் எல்லாம் இருக்கு. குளுக்கோமீட்டர் எண்ணை நம்பி எழுதாதீங்க. ஜனவரி உறைபனிக் காலத்துல பெரும்பாலான ஸ்டிரிப் 10 டிகிரிக்குக் கீழே வேலையே செய்யாது, மீட்டர்ல தெர்மாமீட்டர் படம் வந்து நிக்கும். சட்டைக்குள்ள பத்து நிமிஷம் வச்சு எடுத்தா வேலை செய்யும், முதலுதவிக்கு அது போதும். ரிப்போர்ட்டுக்குச் சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாய்ல ஒரு மாதிரி, இன்சுலினுக்குத் தனியா சீரம் குழாய். ரத்தம் உறைஞ்சதும் அங்கேயே சுத்தவிட்டு சீரத்தைப் பிரிச்சு வேற குழாய்க்கு மாத்தி, ஃப்ரீசர்ல வச்சு, ஐஸ் பேக்கோட அனுப்புங்க. முழு ரத்தமா அனுப்பினா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் குலுங்கி செல் உடைஞ்சு கீழே போய்ச் சேரும்போது சீரம் சிவப்பா இருக்கும். செல் உடைஞ்ச மாதிரியில இன்சுலின் சிதைஞ்சு எண் குறைவா வரும், ‘இன்சுலினோமா இல்லை’ன்னு எழுதிடுவாங்க. மாதிரி எடுத்த அடுத்த நிமிஷமே சர்க்கரை கொடுத்துடுங்க, மூணு டீஸ்பூன் தண்ணில கலக்கி. முழுங்க முடியாட்டி நரம்புல டெக்ஸ்ட்ரோஸ்.

கத்திமுனை
சிஸ்டர் இருக்கும்போதே ஆபரேஷனுக்குப் பிறகு டிரெயின் பற்றியும் சொல்லிவிடுங்கள். மலைக்காரர்களுக்கு அது முக்கியம்.

வார்டு7
சரிங்க சார். கணையத்தை வெட்டினா கசியும்ங்கறதை எடுத்துக்கிட்டே ஆரம்பிக்கணும். மூணாவது நாள் அல்லது அதுக்கப்புறம் டிரெயின் திரவத்துல அமைலேஸ்ங்கற கணைய என்சைம், ரத்தத்தோட மேல் எல்லையைவிட மூணு மடங்குக்கு மேல இருந்தா கசிவு. லேபோட மேல் எல்லை 100 ன்னா 300. எண் மட்டும் கூடி ஆள் நல்லா இருந்தா அதுக்குப் பேரு வெறும் ரசாயனக் கசிவு, சிகிச்சை வேண்டாம். டிரெயின் மூணு வாரத்துக்கு மேல தேவைப்பட்டாலோ, வேற குழாய் போட வேண்டி வந்தாலோ பி கிரேடு. உறுப்பு செயலிழந்தா, மறுபடி திறக்க வேண்டி வந்தா சி.

வீட்டுல இருக்கறவங்க எண்ணைப் பாக்க முடியாது, நிறத்தைப் பாக்கலாம். வெளிர் மஞ்சளா தெளிஞ்சுகிட்டு வந்தா நல்லது. சாம்பலா, கலங்கலா, கழனித் தண்ணி மாதிரி ஆனா கசிவு. ஒரு நாளைக்கு எத்தனை மி.லி.ன்னு ஒரே நேரத்துல அளந்து எழுதணும், குப்பியை அமுக்கி மூடி வச்சிருக்கணும். சுத்தி இருக்கற தோல் சிவந்தா ஜிங்க் ஆக்சைடு பசை.

எல்லாத்தையும்விட பயப்பட வேண்டியது ஒண்ணு. ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் பத்து நாள்ல, தெளிஞ்சுகிட்டு வந்த டிரெயின்ல திடீர்னு ஒரு ஸ்பூன் புது ரத்தம். அப்புறம் தானா நின்னுடும். ‘நின்னுடுச்சே’ன்னு வீட்டுல இருந்துடுவாங்க. கணையச் சாறு அரிச்சு தமனிச் சுவர் வீங்கி நிக்குதுன்னு அர்த்தம். சில மணி நேரத்துலயோ மறுநாளோ மடை திறந்த மாதிரி வரும். அந்த ஒரு ஸ்பூனுக்கே சி.டி. ஆஞ்சியோ பண்ணி, கதிரியக்கத் துறை ஆள் தமனிக்குள்ள காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வச்சு அடைக்கணும். இந்த வசதி இருக்கற இடத்துலேருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி இருந்தா பிழைக்கறது கஷ்டம். அதனால டிரெயின் எடுக்கற வரைக்கும், எப்படியும் மூணு வாரமாவது, மலை ஏறாம கோவையிலயோ மேட்டுப்பாளையத்துலயோ சொந்தக்காரங்க வீட்டுல தங்கச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் ஆனதும் ‘நம்ம குளிரு, நம்ம தண்ணி’ன்னு ஏறிடுவாங்க, அங்கதான் சிக்கல்.

கூடலூர்_பார்மசி
மருந்துப் பக்கம் இரண்டு விஷயம்.

கணையம் குறைந்து செரிமானச் சாறு போதாதவர்களுக்கு என்சைம் கேப்ஸ்யூல் (க்ரியான் மாதிரி): முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட், இடைத் தீனிக்கு அதில் பாதி. முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு போட்டால் வீண். மெல்லக் கூடாது. விழுங்க முடியாதவர்கள் திறந்து ஆப்பிள் கூழில் போடலாம், சூடான கஞ்சியிலோ பாலிலோ போடக் கூடாது. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு: ‘டீதானே குடிச்சேன்’ என்பார்கள், கூட இரண்டு வர்க்கி போயிருக்கும். வர்க்கியை விரலால் அழுத்திக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு கொழுப்பு என்று தெரியும். வர்க்கிக்கும் கேப்ஸ்யூல் உண்டு. மலம் எண்ணெயாக மிதந்து, எடை இறங்கினால் டோஸ் போதவில்லை. கொழுப்பை நிறுத்துவதல்ல, கேப்ஸ்யூலைக் கூட்டுவதுதான் வழி. கூட்டியும் சரிவராவிட்டால் வயிற்று அமிலத்துக்கான மாத்திரை சேர்ப்பார்கள். இந்த என்சைம் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சாப்பிட மனமில்லாதவர்கள் வெளியே சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள், முன்பே பேசிவிடுங்கள்.

மண்ணீரல் இல்லாதவர் என்பதால்: நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் (ஹீமோஃபிலஸ் பி) தடுப்பூசிகள் 6 வருடத்துக்கு முன் போட்டார்களா, எந்தத் தேதி? நிமோகாக்கல் 23 என்றால் 5 வருடத்தில் மறு ஊசி பாக்கி. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டு முடியுங்கள். இன்னொன்று, எஸ்டேட்டில் காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) என்று டாக்சிசைக்ளின் எழுதுவது வழக்கம், தப்பில்லை. ஆனால் மண்ணீரல் இல்லாதவருக்கு அது மட்டும் போதாது. 38 டிகிரி தாண்டினால் வீட்டில் வைத்திருக்கும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டை உடனே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் பார்ப்போம் என்றால் காலைக்குள் முடிந்துவிடும்.

கேத்தி_உருளை
செலவு?

தேயிலைமேடு
முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. முன் அனுமதிக்கு பயாப்ஸி ரிப்போர்ட், சி.டி. கேட்பார்கள். பெட், சிவப்பணு ஸ்கேன் மாதிரிச் சோதனைகள் தொகுப்புக்குள் வருமா என்பதை ஆபரேஷன் அனுமதியோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் கையிலிருந்துதான் கட்ட வேண்டி வரும்.

தேயிலைமேடு
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், முடிவு தெரியக் காத்திருப்பவர்களுக்காக. பழைய சி.டி.யில் மண்ணீரலின் உள்வாயில் 9 மி.மீ. பொட்டு இருந்தது. யாரும் குறிப்பிடவில்லை. ரத்தப் பூச்சில் ஹவல்-ஜாலி துகள் இல்லை. சூடாக்கிய சிவப்பணு ஸ்கேனில் உருண்டை பளிச்சென்று ஒளிர்ந்தது. துணை மண்ணீரல். கல்லீரலில் உள்ளது ஒளிரவில்லை. ஊசி பயாப்ஸியில் பீட்டா கேட்டெனின் உட்கருவில். பழைய பிளாக்கும் அதேதான். வயிற்றுறையில் எதுவும் தெரியவில்லை. ஆக, கணையத்தைத் தொட வேண்டியதில்லை, கல்லீரலில் மட்டும் வேலை.

கத்திமுனை
நல்லது. அப்படியானால் கல்லீரல் ஆப்பு, மேஜையில் அல்ட்ராசவுண்ட், வயிற்றுறை முழுக்கத் தடவல், அந்தத் துணை மண்ணீரலை விட்டுவைத்தல். உறை கிழிந்த வரலாறு இருப்பதால் பின் கண்காணிப்பு நீளணும்: முதல் இரண்டு வருடம் 6 மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு வருடம் ஒருமுறை, 10 வருடத்தில் நிறுத்திவிடாமல். இளம் வயதில் சி.டி.யை அடுக்க வேண்டாம்.

கூடலூர்_பார்மசி
2 செ.மீ. மண்ணீரல் இருக்கிறது என்று தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். அந்த அளவு திசு காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

தேயிலைமேடு
இன்றுதான் மறு ஊசி போட்டோம். தேதி நவம்பர் இரண்டாம் வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

வார்டு7
நவம்பரா? பர்லியாறு பக்கம் மண் சரிஞ்சா குன்னூர் ரோடு அடைச்சுடுவாங்க, கோத்தகிரி ரோட்டுலயும் மரம் விழும். தேதிக்கு நாலு நாள் முன்னாடியே இறங்கித் தங்கச் சொல்லுங்க சார். ஸ்கேன் தட்டு, ஆபரேஷன் நோட், ஊசி போட்ட அட்டை மூணையும் ஒரே கவர்ல போட்டு, பிளாஸ்டிக் பையில சுத்திக் கொடுத்தனுப்புங்க.